கூடாரச் சுகவாசத்துக்கு மூட்டை கட்டுதல்: மட்டாஞ்சேரித் தரவுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

காட்டுக்குள் கூடாரம், கூடாரத்துக்குள் கட்டில், கட்டிலின்மேல் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, பின்புறம் வெந்நீர் வரும் குளியலறை. கிளாம்பிங் என வழங்கும் இவ்வுறைவில் வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைக்கும் என்பது விடுதிக்காரர் வாக்கு. அங்ஙனமாயின் மாற்றுத்துணியும் பல்துலக்கியும் போதுமே எனின், போதா. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு தமிழ் வீட்டில், மூணாறு மலைப்பகுதியின் சூரியநெல்லிப் பக்கம் இரண்டு இரவு தங்குவதற்காகக் கட்டப்பட்ட மூட்டைகளை இக்கட்டுரையாளர் நேரில் ஆராய்ந்தார். (ஆராய்ந்தவர் அவ்வீட்டின் குடும்பத் தலைவர் என்பது ஆய்வின் நடுநிலையைப் பாதிக்காது.) தங்குமிடம் தரும் வசதி கூடக் கூட, விருந்தாளி சுமக்கும் பொதியும் கூடும் என்பதே அங்கே பெறப்பட்ட கருதுகோள்.

முதலில் இலக்கணம். தொல்காப்பியர் ஓதல், பகை, தூது எனப் பிரிவுக்குக் காரணம் வகுத்தார். பொருள்வயிற் பிரிவும் உண்டு. விடுமுறைவயிற் பிரிவைக் காணோம். வீடே கிளம்புவதால் அது பிரிவன்று, உடன்போக்கு என்பாரும் உளர். அற்றன்று. உடன்போக்கில் செவிலி அறியாமல் வெளியேறுவர். இங்கே செவிலி முன் இருக்கையில் உட்கார்ந்து, ஏசியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டு வருகிறாள். எனவே இது எழுதிணைக்கும் புறம்பானதோர் ஒழுக்கம். இதன் முதற்பொருள் மலைச்சாரலும் பள்ளி விடுமுறையும். கருப்பொருள் சக்கரப் பெட்டி. உரிப்பொருள் சார்ஜரை எங்கே வைத்தோம் எனத் தேடலும் தேடல் நிமித்தமும்.

இலக்கியச் சான்றுக்கு வருவோம். பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, நப்பூதனார் பாடியது, 103 அடி. அதில் வரும் பாசறையே தமிழில் கிடைக்கும் தெளிவான கிளாம்பிங் ஆவணம். காட்டுப் புதரை வெட்டி இடம் உண்டாக்கி, அரசனுக்குத் திரை தொங்கவிட்டு இரண்டு அறையாகப் பிரித்த பள்ளியறை அமைக்கிறார்கள். யவனர் காவல், பேசாமல் சைகையால் உணர்த்தும் பணியாளர், அணையும் விளக்கை மீண்டும் கொளுத்த இடையில் வாள் செருகிய மகளிர், நேரம் சொல்ல நாழிகைக் கணக்கர். இத்தனை இருந்தும் அரசன் உறங்கவில்லை. போரில் புண்பட்ட யானைகளையும் வீரரையும் நினைந்து உறங்கவில்லை என்பது பாட்டின் கூற்று. தலையணை மாறியதே காரணம் என்பது எம் துணிபு. அதே பாசறையில் யானைக்குக் கரும்பும் கதிரும் கொடுக்கிறார்கள். அது தின்ன மறுத்து அவற்றால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது. பாகர்கள் வடமொழியில் கெஞ்சுகிறார்கள். காலை பஃபேயில் பாஸ்தாவைக் கிளறிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் தாய்மார் ஆங்கிலத்தில் கெஞ்சுவதைக் கண்டோர்க்கு இவ்வடிகளுக்கு உரை வேண்டா. இதனால் பெறப்படுவது: இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி, வாழை இலையில் கட்டி எடுத்துச் செல்க.

இப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில், தொலைவில் கிடக்கும் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் சொன்னார். மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியுரையில் அதை ஏற்கவில்லை. பெட்டி அடுக்கலைப் பொறுத்தவரை நச்சினார்க்கினியர் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. எந்தப் பெட்டியிலும் ஆற்றொழுக்காகத் துணி எடுக்க இயலாது. நீலப் பையின் மேலடுக்கில் உள்ள ஒற்றைச் சாக்ஸை, கறுப்புப் பையின் அடியில் துண்டுக்குள் சுருண்ட மற்றொரு சாக்ஸோடு கொண்டுகூட்டியே அணிய வேண்டியிருக்கிறது.

வட இந்தியச் சான்று இதனினும் வலியது. அக்பரின் ஒரு பாசறையைத் தூக்கிச் செல்ல 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமையாள் தேவைப்பட்டதாக அபுல் ஃபசல் அயினி அக்பரியில் கணக்கு வைத்திருக்கிறார். அவுரங்கசீப்பின் பயணத்தைக் கண்ட பிரெஞ்சுப் பயணி பெர்னியர், கூடாரத் தொகுதிகள் இரண்டு இருந்தன, ஒன்று எப்போதும் ஒரு நாள் முன்னே போகும் என்கிறார். ஆக, போய் இறங்குமிடத்தில் எல்லாம் தயாராக இருக்கும் ஏற்பாடு அன்றே உண்டு. ஆனால் அக்பர் எங்கே போனாலும் முத்திரையிட்ட குடங்களில் கங்கை நீர் பின்தொடர்ந்தது என்பதே ஆய்வாளர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி. ஏனெனில் நம் தரவு வீட்டிலும் பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர், பெரிய கேன் நிறைய, பெட்டிகளுக்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டது.

“அங்க மினரல் வாட்டர் குடுப்பாங்க அத்தை.”

“குடுக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க வாங்கிக்குங்க. இது எதுக்கும் இருக்கட்டும்.”

இந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்பதே மூட்டையியலின் மூலச் சூத்திரம். இது இயங்கும் விதம் நுட்பமானது. கம்பளி தரப்படும் என்று விடுதிக்காரர் எழுதுகிறார். கம்பளி தரும் அளவுக்குக் குளிர் உண்டு என்று வீட்டார் பொருள்கொள்கிறார்கள்; சொந்தக் கம்பளி ஏறுகிறது. டார்ச் தரப்படும் என்றால் மின்சாரம் போகும் என்று பொருள். வீட்டு டார்ச்சும் மெழுகுவத்தியும் ஏறுகின்றன. முதலுதவிப் பெட்டி உண்டு என்ற வரியைப் படித்ததும் தைலம், ஓமத்திரவம், இஞ்சி மொரப்பா, பாட்டியின் மூட்டுவலிக் களிம்பு யாவும் ஏறிவிட்டன. ஒவ்வொரு வாக்குறுதியும் ஒரு புது ஆபத்தை அறிவிக்கிறது. ஒன்றுமே தராத சத்திரத்துக்குப் போன நம் தாத்தாக்கள் ஒரு ஹோல்டாலும் திருகுமூடிக் கூஜாவுமாகக் காசிவரை போய்த் திரும்பியதன் காரணம் இதுவே. அவர்களுக்கு யாரும் எதையும் வாக்களிக்கவில்லை. ஆகவே ஐயமும் எழவில்லை.

விரிப்பு பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிளாம்பிங் விளம்பரப் படத்தில் மலையைவிடப் பெரிதாகத் தெரிவது வெள்ளை விரிப்பு. மற்ற ஊர்க்காரர் அதைக் கண்டு மயங்கலாம். மட்டாஞ்சேரிக்காரர் மயங்கார். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவந்த தமிழ் வண்ணார்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடத்தைக் கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் அமைத்தது. அரிசிக் கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றுக் கொடியின் புரிகளுக்கிடையே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கிளிப்பே தேவையில்லை, காயலில் இருந்து எந்தக் காற்று வந்தாலும் துணி விழாது. இப்படி வெளுத்த விரிப்பில் படுத்துப் பழகிய உடம்பு, மலைமேல் யார் எங்கே வெளுத்தது என்று தெரியாத வெள்ளையை எப்படி நம்பும்? சொந்த விரிப்பு இரண்டு, தலையணை உறை நான்கு உள்ளே போயின. இதை மிகை என எம்மால் கூற முடியவில்லை.

மூட்டை கட்டும் தொழிலிலும் இவ்வூர் ஆய்வுக்கு உதவுகிறது. இங்கே நூற்றாண்டுகளாக மிளகும் சுக்கும் ஏலமும் சாக்கில் ஏறி இறங்கியிருக்கின்றன. சுமட்டுத் தொழிலாளர் உலகில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது: வேறு யாரோ சுமை ஏற்ற, பக்கத்தில் நின்று நோக்கியவருக்கும் கூலி. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழித்தது. அந்த ஆணை வீட்டு முன்னறைக்குச் செல்லாது போலும். மனைவி குனிந்து அடுக்கிக்கொண்டிருக்க, டம்ளரும் கையுமாக நின்று, “கனமானதை அடியில வைம்மா” என்று மொழிந்தவருக்கு இரண்டாம் முறையும் காப்பி வந்தது. அவர் யார் என்பதை ஆய்வு நெறி கருதிச் சொல்லாது விடுகிறோம்.

பண்டகசாலை கற்பிக்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. மூட்டையைத் தரையில் நேராக வைக்கமாட்டார்கள், பலகைமேல் வைப்பார்கள். சுவரோடு ஒட்டவும் விடமாட்டார்கள். ஈரம் ஏறும். கூடாரத்திலும் இதே விதிதான். இரவு முழுக்க உள்ளே தூங்குவோர் விடும் மூச்சின் ஈரம், குளிர்ந்த துணிச்சுவரில் பட்டு நீராகி விடியலில் சொட்டும். விடுதிக்காரர் சொல்லாத இந்த ஒன்றுக்குத்தான் உண்மையில் ஏற்பாடு வேண்டும்: துணிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையை நாற்காலிமேல் வைக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம். மலையில் நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது.

குளிர் கணக்கையும் பார்ப்போம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மூணாறு சுமார் 1,500 மீட்டர். ஆக மட்டாஞ்சேரியைவிடப் பத்து டிகிரி குறைவு, ஒரு ஸ்வெட்டர் போதும் என்று கணக்குப் போட்டவர் விடியுமுன் வருந்துவார். மேகமற்ற இரவில் நிலம் சூட்டை வானுக்கு விட்டுவிட, கனத்த குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். டிசம்பர், ஜனவரியில் அங்கே பூஜ்ஜியத்தைத் தொட்டுப் புல்மேல் உறைபனி படிவதுண்டு. ஆகவே குரங்குக் குல்லா கட்டாயம். புகைப்படத்தில் அழகாக இராது என்ற மறுப்பு, மகளால் எழுப்பப்பட்டு, இரவு பதினொரு மணிக்கு மகளாலேயே திரும்பப் பெறப்பட்டது.

கொழுக்குமலைக்கும் ஏறும் எண்ணம் இருந்தால் சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான். அதில் குலுங்கும்போது மிளகாய்ப்பொடி டப்பாவின் மூடிக்கு மேலே ஒரு ரப்பர் பேண்டு அவசியம். மழைக்காலமாயின் நீண்ட சாக்ஸும் ஒரு பொட்டலம் உப்பும் வேண்டும், அட்டைக்காக. பேண்டின் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்க. உப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. உப்பு விடுதிச் சாப்பாட்டு மேசையிலேயே இருக்குமே எனின், இருக்கும். அட்டை மேசைக்கு வந்து கடிப்பதில்லை.