மைக்ரான் மனிதர்

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையில் ஏதாவதொரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் அரைக்கால் சட்டையோடு பானெட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தால், மோதிரத்தைத் தொலைத்துவிட்டாரோ என்று பதறி உதவிக்குப் போகாதீர்கள். அவர் கீறல் தேடுகிறார். கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கிடைக்கும்வரை தேடுவார்.

எங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருக்கிறார். இவரைப் பார்த்துவிட்டால் ஊரிலுள்ள மற்றவர்களையும் பார்த்த மாதிரிதான். இதற்கு முன் மீன்தொட்டி வைத்திருந்தார். அதற்கு முன் கீபோர்டு கற்றுக்கொண்டார். இரண்டும் இப்போது மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. பிறகு வந்தது கருப்புக் கார்.

அந்தக் கருப்புதான் வினை. நம் நாட்டில் அதிகம் ஓடுவது வெள்ளைக் கார். அதில் கீறல் விழுந்தாலும் கண்ணில் படாது. வெள்ளைக் கார்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை தூங்குவதற்கு அதுவே காரணம். கருப்பு அப்படி விடாது. ஒருநாள் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது நம்மவர் பார்த்துவிட்டார். பானெட், கதவு, டிக்கி எங்கும் மெல்லிய வளைகோடுகள். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார்.

குற்றவாளி உடனே பிடிபட்டான். மாதச் சம்பளத்துக்கு விடியற்காலையில் வந்து வண்டி துடைக்கும் தம்பி. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பனியன் வேஸ்ட் துணி, ஒரு டஜன் கார். முதல் காரின் மண் துணியில் ஏறி இரண்டாவது காரை உரசி, இரண்டின் மண்ணும் சேர்ந்து மூன்றாவதை உரசும். பன்னிரண்டாவது காருக்குத் துணி போய்ச் சேரும்போது அது கிட்டத்தட்ட உப்புத்தாள்தான். நம்மவர் கார் வரிசையில் கடைசி.

தம்பியை நிறுத்திவிடலாம் என்றால் மனசு வரவில்லை. சம்பளத்தை நிறுத்தினால் கோபத்தில் என்ன செய்வானோ என்ற பயமும் இருந்தது. ஆகவே துடைக்காமல் இருப்பதற்கு மாதச் சம்பளம் என்று ஏற்பாடானது. சும்மா காசு வாங்குவது தம்பிக்கு உறுத்தியிருக்க வேண்டும். நம்மவர் வெளியூர் போயிருந்த ஒரு வாரம், வாங்கிய காசுக்கு வஞ்சனை இல்லாமல் தினமும் இரண்டு முறை அழுத்தித் துடைத்து வைத்துவிட்டான்.

அந்தக் கோடுகள் விளக்கைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததால்தான் வந்தன என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் அவை சேர்ந்து வளையமாகத் தோன்றுகின்றன. விளக்கை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? எங்கள் பிளாக்கில் லிஃப்ட் மெதுவாகத்தான் வரும். அதற்குள் அவர் விளக்கிவிடுவார், கையில் டார்ச்சோடு.

லிஃப்ட் இன்னும் வரவில்லையென்றால் பெயிண்டின் அடுக்குகளும் உண்டு. இரும்புத் தகடு, அதன்மேல் துரு பிடிக்காமலிருக்க மின்சார முறையில் ஏற்றிய பூச்சு, அப்புறம் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் கனமே சுமார் 70 மைக்ரான். கோடு விழுந்திருப்பது இந்தக் கிளியர் கோட்டில். அதை எதனாலும் நிரந்தரமாக நிரப்ப முடியாது. கோட்டின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டை நுணுக்கமாகத் தேய்த்து எடுத்துச் சமதளமாக்கினால் கோடு மறையும். பாலீஷ் போட்டால் காருக்கு என்னமோ கூடுகிறது என்று அவர் மாமனார் நம்புகிறார். குறைகிறது. கைக்காசைச் செலவழித்துச் சொந்தக் காரைக் குறைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மெஷின் வந்தது. விலையை வீட்டில் சொல்லும்போது கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பழக்கம். பெயிண்ட் பட்டறைகளில் வழக்கமாக இருப்பது ரோட்டரி மெஷின். ஒரே அச்சில் சுழலும். பழகாத கை ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டால் சூடேறிப் பெயிண்டையே தின்றுவிடும். கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றது டி.ஏ. என்ற இரட்டை இயக்க மெஷின். அது சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுபோய் ஆட்டம் மட்டும் மிஞ்சும், எங்கள் அசோசியேஷன் பொதுக்குழு மாதிரி. உண்மையிலேயே சுழல்கிறதா என்று பார்ப்பதற்காகப் பேட் மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். கோடு சுற்றினால் வேலை நடக்கிறது. நடுங்கிக்கொண்டு நின்றால் வெறும் சத்தம்.

எடுத்த எடுப்பில் சொந்தக் காரில் மெஷினை வைக்கக் கூடாது என்பது பாலபாடம். பழகுவதற்கு ஒரு பழைய பானெட் வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய பாகம் உண்டா? பேரம் பேசி, ஆட்டோவில் குறுக்குவாட்டில் வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் நின்ற மனைவி ஆட்டோவையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

“ஏங்க, நம்ம வண்டியில பானெட்டு இருக்கில்ல?”

விற்ற கடைக்காரர் கொசுறாக ஒரு புத்தி சொல்லியிருந்தார். “மடிப்புலயும் ஓரத்துலயும் மெஷின வைக்காத சார். அங்க பெயிண்டு இருக்கவே இருக்காது.” தொழில் தெரிந்தவர் வார்த்தை. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியதாகவே நிற்கும். அதனால்தான் அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டு மெஷினை எடுப்பார்கள். நம்மவர் சரியாக மடிப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கருப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பிரைமர் எட்டிப் பார்த்தது. அன்றோடு அந்தப் பானெட்டின் கல்விப்பணி முடிந்து பால்கனிக்குப் போனது. கருப்புத் தகடு வெயிலில் நன்றாகச் சூடேறும் என்பதைக் கண்டுபிடித்த அவர் அம்மா, அதன்மேல் துணி விரித்து வடாம் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வாங்கியவற்றில் குடும்பத்துக்கு உபயோகப்பட்ட பொருள் அது.

பிறகு சொந்தக் கார். மெஷினை எடுப்பதற்கு முன் கழுவும் சடங்கே அரை நாள். நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத்துகளைக் கரைக்க ஒரு திரவம் அடித்தார். அது இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாகி ஒழுகும். செக்யூரிட்டி ஓடிவந்தார்: “சார், வண்டிலேர்ந்து என்னமோ லீக் ஆவுது!” அதற்கும் மேல், ஜப்பான்காரர்கள் பிரபலமாக்கிய களிமண் கட்டியால் நீவி நீவி ஒட்டியிருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும். அதன்பிறகுதான் பேடில் காம்பவுண்டு என்ற தேய்க்கும் பசை பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, இரண்டடிக்கு இரண்டடி கட்டம், குறுக்கும் நெடுக்குமாக, நத்தை வேகத்தில். முதலில் மெஷினைப் பெயிண்டின்மேல் வைத்துவிட்டு அப்புறம்தான் சுவிட்சைப் போட வேண்டும். வரிசை மாறினால் காம்பவுண்டு நாலா திசையிலும் தெறிக்கும். முதல் நாள் வரிசை மாறியது. சத்தம் என்னவென்று விசாரிக்க வெள்ளைச் சட்டையில் இறங்கி வந்த அசோசியேஷன் செயலாளர், புள்ளி போட்ட சட்டையோடு மேலே போனார்.

ஒரு கட்டம் முடிந்ததும் பளபளக்கும், நம்பக் கூடாது. காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கோட்டை மூடி மறைத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால்தான் நிஜம் தெரியும். சிலருக்கு உள்ளே இறங்கினால் உண்மை வெளியே வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். காருக்கு மேலே தெளித்தாலே போதும்.

வீட்டுக்குள் பெரிய கலவரம் துணிகளால் வந்தது. மைக்ரோஃபைபர் துணிகளுக்குள் அவர் ஒரு சாதி அடுக்கே வைத்திருக்கிறார். பெயிண்ட் துடைப்பது உயர்ந்தது, அது தவறித் தரையில் விழுந்தால் அந்த நிமிடமே கண்ணாடிக்கு இறங்கிவிடும், அங்கிருந்து சக்கரம், அங்கிருந்து எஞ்சின். மேலே ஏறிவரும் வழியே கிடையாது. இவற்றை மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போடக் கூடாது, வாசனைக்கு ஊற்றும் திரவம் ஒரு சொட்டும் படக் கூடாது, பட்டால் இழை அடைத்துக்கொள்ளும் என்பது சட்டம். “என் பட்டுப்புடவைய என்னிக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா?” என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அப்புறம் அந்தக் கருவி வந்தது. பெயிண்டின் கனத்தை மைக்ரானில் காட்டும் கைக்கடக்கமான பெட்டி. எவ்வளவு தேய்க்க மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் தேய்க்கக் கூடாது என்பதால் வாங்கினார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொந்தக் காரை அளந்து முடித்ததும் கை அரித்தது. மூன்றாவது மாடிக்காரர் அப்போதுதான் ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கியிருந்தார். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, ஒரு சின்ன அடிகூட இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி இனிப்பும் கொடுத்திருந்தார். நம்மவர் சாவகாசமாகப் போய்ப் பெட்டியை ஒவ்வொரு இடமாக வைத்தார். பானெட் 112. முன்கதவு 118. கூரை 109. இடதுபக்கப் பின்கதவில் வைத்ததும் 900-ஐத் தாண்டியது. கம்பெனிப் பெயிண்டில் அந்த எண் வராது. அடி வாங்கி, பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்த கதவில்தான் வரும்.

“டாக்டர் வண்டிதான் சார். ஆபரேஷன் ஆயிருக்கு” என்றார் நம்மவர்.

அதிலிருந்து மூன்றாவது மாடிக்காரர் அவரோடு பேசுவதில்லை. பெட்டியோடு அவர் வருவதைப் பார்த்தாலே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுபவர்களும் உண்டு.

ஆயுத பூஜை அன்று அம்மா சந்தனமும் குங்குமமுமாக வந்தார். “அம்மா, பானெட்ல வேண்டாம்மா, உரசினா கோடு விழும்.” அம்மா கேட்கவில்லை. கடைசியில் சமரசமாக பானெட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, டேப்பின்மேல் பொட்டு வைக்கப்பட்டது. நெற்றியில் பிளாஸ்திரியோடு நின்றது கார். விபூதிக்கும் மறுப்பு வந்ததும்தான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. “டேய், குத்துவிளக்க புளியப் போட்டுச் சாம்பல்ல தேய்ச்சுத்தான் அம்பது வருஷமா மினுக்கறேன். நீ அதுக்கு மெஷின் வாங்கியிருக்கே, அவ்வளவுதானே?”

அம்மா சொன்னதில் அறிவியல் பிசகு எதுவும் இல்லை. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது; சாம்பலின் நுண்துகள் தேய்க்கிறது. நம்மவர் வாங்கும் காம்பவுண்டிலும் நுண்துகள்தான் வேலை செய்கிறது. பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. கார் பாலீஷில் இன்று உலகப் பெயரெடுத்திருக்கும் மெகுயர்ஸ் நிறுவனம்கூட 1901-இல் அமெரிக்காவில் மரச்சாமானுக்கு மெருகு தயாரித்துத்தான் தொடங்கியது. வித்தை பழையது, டப்பா புதிது.

அமாவாசையன்று இன்னொரு சிக்கல். அம்மா மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைப்பார். முன்னோர் சாப்பிட்டுவிட்டு, இறங்கி வரும் வழியில் நேராகப் பேரனின் காரில் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவார்கள். எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டில் தடம் பதிந்துவிடும். அன்று முழுக்க நம்மவர் ஜன்னலோரமே நிற்பார். பித்ருக்களைத் திட்டவும் முடியாது.

இவ்வளவும் செய்த காரை ஓட்டுவாரா என்றால், ஐப்பசி கார்த்திகையில் எடுப்பதில்லை, சேறு. சித்திரையில் எடுப்பதில்லை, வெயில். கல்யாண மண்டபத்துக்கு எடுப்பதில்லை, அங்கே வண்டியை நெருக்கி நிறுத்துவார்கள். போன தையில் மைத்துனர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு இரண்டு ஆட்டோவில் போய் இறங்கினார்கள். “கார் என்னாச்சு?” என்று கேட்ட சம்பந்தியிடம், “ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

இவ்வளவு கிண்டலுக்கும் நடுவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டார். கீழ்வீட்டுப் பையன் சைக்கிளால் கதவில் இழுத்த கோட்டைப் பார்த்து வெடிப்பார் என்று எதிர்பார்த்தோம். நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். நகம் மாட்டியது. “ஆழமா போயிருக்கு. இதை எடுக்கப் போனா பெயிண்டு மிஞ்சாது. இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டுப் பையனிடம் சைக்கிளைக் கொடுத்தார். மெஷின் வாங்கிய புதிதில் இருந்தவர் அதைத் தொடாமல் விட்டிருக்கமாட்டார்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் கார்மேல் தூசி படிந்திருந்தால் விரலால் பெயர் எழுதாதீர்கள். எச்சத்தைப் பார்த்தால் காய்ந்த துணியால் துடைத்து உபகாரம் செய்யாதீர்கள். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு மெல்ல எடுங்கள். மெஷின் விலையை அவர் மனைவி எதிரில் கேட்காதீர்கள். முக்கியமாக, இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதுகு வலிக்க உழைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டுப் பானெட்டைக் காட்டும்போது, “என்ன சார், வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.