மோசேயின் முகம்

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளில் மோசேயும் தாவீதும் வெள்ளைக்காரத் துரைகளைப் போலவே காட்சியளிக்கிறார்களே, பைபிள் அப்படியா சொல்கிறது? (வாசகர், திருத்தங்கல்)

மீதியான் தேசத்துக் கிணற்றடியில் முரட்டு மேய்ப்பர்களை விரட்டி, தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த மோசேயை நேரில் கண்ட ஆசாரியனின் ஏழு குமாரத்திகளும், வீடு திரும்பித் தகப்பனாரிடம், எகிப்தியன் ஒருவன் காப்பாற்றினான் என்றல்லவா சொன்னார்கள்! உடையைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். முகமும் அதை மறுக்கவில்லையே! தாவீதைச் சிவப்பாயும் கண்ணழகனாயும் வர்ணிக்கும் வேதம், அக்கண்களின் நிறத்தைக் கூறவில்லை. இஸ்ரவேலனுக்கு அது விதித்த அடையாளங்கள் விருத்தசேதனம், ஓய்வுநாள் ஆசரிப்பு, ஆடையோரத் தொங்கலில் ஓர் இளநீல நாடா ஆகியவை. ஆகையால் அச்சக அன்பர்கள் நீல மையை அந்த நாடாவுக்கு வைத்துக்கொண்டு, முகத்துக்கு நம் கரிசல் வெயிலின் நிறத்தைத் தாராளமாகப் பூசலாம்.