ஆறடி பத்து அங்குலமும் பெரியோர் பட்டியலும்: ஒரு கல்முனைக்குடி ஆய்வு

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் உலக வலைப்பந்தாட்டத்தின் பெரியோர் வரிசையில் வைக்கத்தக்கவரா, அன்றி வெறுமனே நெடியவரா என்பதே இவ்வாய்வின் பொருள். இதுபற்றி அக்கரைப்பற்று தொட்டு மருதமுனை ஈறாகப் பல கொள்கைகள் நிலவுகின்றன. எனினும் அவற்றுள் ஏடேறியது ஒன்றுமில்லை. எல்லாம் தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் சீனியோடு தங்கிவிட்டன. அவற்றைத் திரட்டி, பூர்வபட்சம் கூறி, அதை மறுத்து, முடிபு காட்டுவது நம் கடனாயிற்று.

ஆய்வுக் களம், கல்முனைக்குடியில் கடற்கரைப்பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு கடை. பெயர்ப்பலகை இல்லாத கடையாதலால் பெயர் தரப்படவில்லை. தரவுகள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளையில் சேகரிக்கப்பட்டன. தகவலாளர் மூவர்: இளைப்பாறிய உடற்கல்வி மாஸ்டர், மீன் வியாபாரியான ஹாஜியார், ஆறடி ஓர் அங்குலம் நின்ற லொறிக்காரத் தம்பி. மூவரும் ஆண்கள் என்பதை வாசகர் மனத்தில் வைக்கவும். அது பின்னால் பயன்படும்.

இனிச் சான்றுகள். வலைப்பந்து, கூடைப்பந்தின் தங்கை. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்து தொடங்கிய ஆட்டம், அந்த நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளுக்குக் கப்பலேறி வேறு உருக்கொண்டது. வளையத்தின் உயரம் மட்டும் மாறவில்லை, பத்தடி, அதாவது 3.05 மீற்றர். மற்றபடி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது, வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. ஏழு பேரில் இருவர்தான் கோல் போடலாம். அந்த இருவரில் ஒருவரான கோல் ஷூட்டர் என்ற இடத்தில் தர்ஜினி நின்றார். 2009க்குப் பின் கைக்கு எட்டாதிருந்த ஆசியக் கிண்ணத்தை 2018இல் சிங்கப்பூரில், சிங்கப்பூரையே 69க்கு 50 என்று வென்று இலங்கை எடுத்தபோது அவர் அங்கே நின்றார். 2022இல் அதே ஊரில், அதே அணியை, 63க்கு 53 என்று வென்றபோதும் நின்றார். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் அணிக்கும் ஆடினார். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டார்; அந்தத் தொடரில் அவரைவிட அதிகம் போட்டவர் எவருமில்லை. 2023இல் கேப்டவுன் உலகக் கிண்ணமே அவருடைய கடைசிப் பெரிய மேடை.

இவ்வளவையும் நாம் வாசித்து முடித்ததும் ஹாஜியார் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னது: “அந்தளவு உசரம் இரிந்தா ஆருதான் போடமாட்டான் மனே?”

இதுவே முதற் பூர்வபட்சம். ஆய்வுலகம் இதை உயரவாதம் என்று அழைக்கலாம். தர்ஜினியின் உயரம் ஆறடி பத்து அங்குலம், மெற்றிக்கில் 2.08 மீற்றர். இதன் பொருளை உணர ஓர் ஒப்பீடு போதும். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றபோது தாண்டிய கம்பி 2.03 மீற்றர். அந்தக் கம்பியருகே தர்ஜினி சும்மா நின்றாலே தலை ஐந்து சென்ரிமீற்றர் மேலே தெரியும். வாதம் வலிமையானதே, நாம் மறைக்கவில்லை.

ஆயினும் அது பொருந்தாது. என்னை? வளையம் 3.05இல் இருக்கிறது, தலை 2.08இல் முடிகிறது. இடையில் 97 சென்ரிமீற்றர் காற்று. பெருநாள் கறிச் சட்டிக்கு மேலிருந்து உப்புப் போடுவதுபோல் அவர் பந்தைப் போட்டுவிட்டுப் போகிறார் என்று கடையில் நிலவும் எண்ணத்துக்குக் கணிதத்தில் இடமில்லை. எறிந்தே தீர வேண்டும். கூடைப்பந்தில் வளையத்தின் விட்டம் 45 சென்ரிமீற்றர், வலைப்பந்தில் 38. பந்து ஏறக்குறைய 22. நடுவாகப் போனாலும் பக்கத்துக்கு எட்டுச் சென்ரிமீற்றர்தான் மிச்சம். பலகையில் மோதித் திரும்பி விழும் வாய்ப்பும் இல்லை. உயரம் இருந்தால் எவரும் போடுவர் எனின், ஏழடி ஓர் அங்குலம் இருந்த வில்ற் சேம்பர்லேன், 1962 மார்ச் 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த அந்த மனிதர், எவரும் மறிக்காத ஃப்ரீ த்ரோவில் வாழ்நாள் முழுதும் பாதியை அல்லவா தவறவிட்டார்? தர்ஜினியோ முகத்துக்கு முன்னால் கை தூக்கி நிற்கும் ஒருத்தியை வைத்துக்கொண்டு நூற்றில் தொண்ணூறுக்கு மேல் போட்டவர்.

அற்றேல், நெடியோரைப் பெரியோராக ஏற்ற முன்மரபு உண்டோ எனின், உண்டு. ஜோர்ஜ் மைக்கன் என்றொரு அமெரிக்கர். அவரும் துல்லியமாக ஆறடி பத்து. அவரை அடக்க முடியாமல் 1951இல் வளையத்தின் கீழுள்ள பாதையை ஆறடியிலிருந்து பன்னிரண்டடிக்கு அகலமாக்கினார்கள். 1996இல் என்.பி.ஏ. தன் ஐம்பது பெரியோர் பட்டியலை வெளியிட்டபோது அவர் பெயர் அதில் இருந்தது. உயரத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்போம் என்று எவரும் கேட்கவில்லை. அடுத்தவர் ஏழடி இரண்டு அங்குலம். அவர் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பந்தை வளையத்துக்குள் திணிப்பதையே 1967இல் தடை செய்தார்கள். அவர் 38,387 புள்ளிகளோடு 1989இல் ஓய்வு பெற்றார். அந்தக் கணக்கை லெப்ரோன் ஜேம்ஸ் தாண்ட 2023 ஆயிற்று.

“ஆரு அது?” என்றார் ஹாஜியார்.

“கரீம் அப்துல் ஜப்பார்.”

“மாஷா அல்லாஹ்,” என்றார் ஹாஜியார். அந்தப் பெயரின் உயரத்தைப் பற்றி அதன்பின் அவர் எந்த ஆட்சேபமும் எழுப்பவில்லை. இதை ஆய்வாளன் குறித்துக்கொண்டான், கருத்துரை வழங்கவில்லை.

ஆனால் உயரவாதத்துக்கான இறுதி மறுப்பு அமெரிக்காவில் இல்லை. அது கடையின் அதே வாங்கில்தான் கிடைத்தது. 1995 டிசம்பரில் மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார் முத்தையா முரளிதரனின் பந்தை எறி என்று ஏழு முறை கை நீட்டினார். அன்றிலிருந்து 2010இல் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டோடு முரளி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெறும்வரை, இந்தக் கடை அந்த முழங்கைக்குச் சம்பளமில்லாத சட்டத்தரணியாக உழைத்தது. மாஸ்டர் சேட்டின் கையை மடித்து, முழங்கை பிறவியிலேயே நேராக நீளாததென்றால் என்ன என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கினார். ஹாஜியாரின் தீர்ப்பு ஒரே வரி: “அது படைச்சவன் குடுத்த கை. அதுக்கு அவன் என்ன செய்வான்?”

நாம் இப்போது கேட்டோம்: “அப்ப இந்தப் புள்ளைக்கு உசரத்தைக் குடுத்தது ஆரு, ஹாஜியார்?”

ஹாஜியார் இன்னொரு பிளேன்ரீக்குச் சொன்னார். மெளனம் உடன்பாட்டின் அறிகுறி என்று கொள்க.

இரண்டாம் பூர்வபட்சம் மாஸ்டருடையது. 2019இல் இலங்கை 16 அணிகளில் 15ஆவது. பதினைந்தாமிடத்து அணியில் பெரியோர் எங்ஙனம் இருக்க முடியும்? இதற்கு விடை சுருங்கச் சொல்லலாம். அதே தொடரில் இலங்கை சிங்கப்பூரை 88க்கு 50 என்று வென்றது. அந்த 88இல் மிகப் பெரும்பகுதி தர்ஜினியுடையது. எஞ்சிய சிலவற்றை வைத்துக்கொண்டு இலங்கை எத்தனையாமிடத்தில் இருந்திருக்கும் என்று மாஸ்டரே கணக்குப் பார்க்கட்டும். மாஸ்டர் பார்த்தார். பார்த்துவிட்டு, வாதத்தை மீளப்பெறுவதாக அறிவிக்காமல், தம் காலத்து எல்லே ஆட்டக்காரர்கள் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மூன்றாம் பூர்வபட்சத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடந்தது அதுவே. மூவரில் ஒருவர்கூட ஒரு முழு வலைப்பந்து ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கடையின் தொலைக்காட்சியில் கிறிக்கெட் ஓடும், உலகக் கிண்ணக் காலத்தில் உதைபந்து ஓடும். வலைப்பந்து நம் கரையோர ஊர்களில் பாடசாலை மதிலுக்கு உள்ளே நடக்கும் ஆட்டம். பெண் பிள்ளைகள் ஆடுவார்கள், பெண் பிள்ளைகளே பார்ப்பார்கள். நெஞ்சில் ஜி.எஸ்., ஜி.டி. என்று எழுத்துத் தைத்த துணியை மாட்டிக்கொண்டு வென்றவர்கள் வீட்டுக்கு வந்து உடுப்பை மாற்றினால் வரலாறு அத்தோடு முடிந்தது. பெரியோர் பட்டியல் வைத்திருப்பவர் எவருக்கும் அழைப்பில்லை.

இந்நிலையில் ஆய்வாளன் வீட்டுக்குத் திரும்பி, அங்குள்ள ஒரே நிபுணரைக் கண்டுபிடித்தான். வீட்டுக்காரி பள்ளிக்கூடக் காலத்தில் கோல் டிபென்ஸ் ஆடியவள். இத்தனை வருட இல்லறத்தில் இந்தத் தகவல் பரிமாறப்படவில்லை, கேட்கப்படவுமில்லை. அவள் கைபேசியில் லிவர்பூல் ஆட்டத்தின் ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டு, வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்:

“நீங்க எல்லாரும் பந்து உள்ளுக்குப் போறதைத்தான் பாக்கிறீங்க. பந்து அவட கைக்கு வாறதப் பாருங்க.”

பார்த்தோம். வட்டத்துக்குள் அவருக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. பந்து வரப்போவது அவருக்குத்தான் என்று மைதானம் முழுதும் தெரியும். உயரத்தை ஒளிக்க முடியாது. எதிரணி ஒரு மாதத்துக்கு முன்பே அதைப் படித்துவிட்டு வந்திருக்கும். முன்னால் நிற்பவள் துள்ளுகிறாள், பின்னால் நிற்பவள் இடுப்பால் இடத்தைப் பறிக்கிறாள். அவர் ஒரு காலை ஊன்றி, உடம்பைச் சற்றே சரித்து, ஒற்றைக் கையால் பந்தை வானத்திலேயே பிடித்து, மற்றக் காலைப் பதமாக வைக்கிறார். ஊன்றிய காலை எடுத்து வைத்துவிட்டால் பிழை. மூன்று செக்கனுக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எறிதல்.

“டிபென்ஸ் ஆடினவளுக்குத்தான் தெரியும்,” என்றாள் வீட்டுக்காரி. “இவ மாதிரி ஒருத்திய மறிக்கிறதெண்டா, மறுகா சோறு இறங்காது.”

இச்சாட்சியத்தைக் கடையில் சமர்ப்பித்தபோது நேரடிப் பரிசோதனை கோரப்பட்டது. ஆகவே வெல்டிங் கடையில் இரும்புக் கம்பியை 38 சென்ரிமீற்றரில் வளைத்து, குழாயில் ஒட்டி, கடற்கரை வெறுந்தரையில் பத்தடிக்கு நட்டோம். வளையத்துக்கு வலை கட்டித் தந்தவர் ஒரு கரைவலைக்காரக் காக்கா. பழக்கதோசத்தில் அடியையும் இறுக்கி முடிந்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, பிடிபட்டதைக் கீழால் விடுகிற வலையைத் தன் ஆயுளில் கட்டியதில்லை என்றார். முடிச்சை அவிழ்க்க அவரைச் சம்மதிக்க வைப்பதிலேயே அசர் கழிந்தது.

பரிசோதனைக்குட்பட்டவர் லொறிக்காரத் தம்பி. கச்சான் காற்று வீசியது. காற்று இரு தரப்புக்கும் பொது என்பதால் கணக்கில் எடுக்கவில்லை. முதற் பந்து வளையத்துக்கு மேலால் போய் ஒரு தோணிக்குள் விழுந்தது. அடுத்தது குழாயில் பட்டுத் தம்பியின் தலைக்கே திரும்பியது. பிறகு மாஸ்டர் விதிப்படி மூன்றடி தள்ளி நின்று கையைத் தூக்கினார். அதன்பின் நடந்தவற்றின் எண்ணிக்கையை வெளியிட வேண்டாமென்று தம்பி எழுத்தில் கேட்டுக்கொண்டிருப்பதால் ஆய்வறம் கருதித் தவிர்க்கிறோம். ஆறடி ஓர் அங்குலத்துக்கும் ஆறடி பத்துக்கும் ஒன்பது அங்குலமே வித்தியாசம். இருவருக்குமிடையில் நாம் கண்ட வித்தியாசம் ஒன்பது அங்குலத்தில் அடங்கவில்லை.

முடிபு: தர்ஜினி சிவலிங்கம் பெரியோர் வரிசையைச் சேர்ந்தவரே. நெடியவர் என்பதும் உண்மை. அது முரளியின் முழங்கைபோல் முன்னுரையில் வர வேண்டிய செய்தி, தீர்ப்பில் வர வேண்டியதன்று. பட்டியலில் அவர் இல்லாதிருந்ததற்குக் காரணம் பட்டியலைப் பேணியோர் ஆட்டத்தைப் பாராமையே. இதை மறுப்பார் உளராயின் அசர் தொழுத பின் வரலாம். வளையம் இன்னும் நட்டபடிதான் நிற்கிறது. பந்து இரவல், மருமகளுடையது. அவளுக்கு வியாழக்கிழமை பயிற்சி இருப்பதால் அன்று மட்டும் தங்கள் பந்தைக் கொண்டுவரவும்.