பதினாலு சரி, ஒரு பிழை

மன்னார்த் தீவில் கழுதை நடுவீதியில் படுத்துக் கிடந்தால் பொறுத்துக்கொள்வோம். ரிவியில் ஒருவன் கடைசிக் கேள்விக்குப் பிழையாக விடை சொல்லிக் காசை இழந்தால் மட்டும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பொறுக்காது. அந்தக் காசில் எங்களுக்கு ஒரு சதமும் பங்கில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் முப்பது கிலோமீற்றர் அளவுதான். ஆனாலும் இந்திய ரிவித் திரையில் ஓடும் நம்பருக்கு விடை அனுப்பி எங்கள் ஊரில் ஒருவரும் கார் வென்றதாகக் கேள்விப்படவில்லை. சொந்த நாட்டு 'சிரச லக்ஷபதி'யிலோ கேள்வி சிங்களத்தில் வரும். ஆக, வெல்லவும் வழியில்லை, தோற்கவும் வழியில்லை. நீதிபதிக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அம்மாவின் பெரிய வழக்கு அமிதாப் பச்சன் மீது. 2000இல் அவர் தொடக்கிவைத்த 'கோன் பனேகா கரோர்பதி'யில் பதினைந்து கேள்விகள். பத்தாவதைத் தாண்டினால் 3,20,000 ரூபா உறுதி. பதினாலாவது சரியென்றால் 50 இலட்சம். பதினைந்தாவது பிழைத்தால் திரும்பவும் அதே 3,20,000.

"பதினாலு சரி, ஒரு பிழை. ஓ.எல். சோதினையில இதுக்கு ஏ சித்தி குடுப்பாங்கள். இவர் நாப்பத்தாறு லட்சத்து எண்பதாயிரத்தைப் பிடுங்கிறார்!"

"மாமி, அம்பது லட்சத்தோட எழும்பி வந்திருக்கலாம்தானே? பேராசை" என்பார் மச்சான்.

"எழும்ப விடுறாங்களே தம்பி? அந்த மியூசிக்கைக் கேட்டனீங்களா?"

இதில் நான் அம்மாவின் கட்சி. அந்த இசையும், இருட்டும், "சின்ன இடைவேளைக்குப் பிறகு" என்ற சொல்லும் சேர்ந்தால் யாருக்குத்தான் கால் எழும்பும்? இதே வகைப் போட்டியில் தமிழில் சரத்குமார் சன் ரிவியில் கேட்டாலும், 2012இல் சூர்யா விஜய் ரிவியில் கேட்டாலும் அம்மாவின் தீர்ப்பு மாறவில்லை.

சின்னம்மாவின் சந்தேகம் வேறு: விடையை முதலே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். சிரித்தோம். பிறகுதான் வாசித்தேன், 1956இல் அமெரிக்காவின் 'டுவென்டி ஒன்' போட்டியில் நடந்ததே அதுதான். வென்ற சார்ல்ஸ் வான் டோரன் 1959இல் காங்கிரஸ் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து சின்னம்மா எங்களைப் பார்க்கும் பார்வையே வேறு.

வேடிக்கை என்னவென்றால், முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடிய 'டீலா நோ டீலா'வை வீட்டில் ஒருவரும் அநியாயம் என்று சொன்னதில்லை. பெட்டிக்குள் இருப்பதற்கு யாரைக் குற்றம் சொல்வது? பெட்டிக்குத் தொலைபேசியில் விலை பேசும் வங்கிக்காரரை மட்டும் மச்சானுக்கு ஆகாது. முதல் சுற்றுகளில் மிச்சப் பெட்டிகளின் சராசரிக்கு எத்தனையோ கீழேதான் அவர் கேட்பார். பேசாலைக் கரையில் மீன் கூறும்போது விலையை அமுக்கும் முதலாளிமாதிரி. முதலாளியாவது முகத்தைக் காட்டுவார் என்பது மச்சானின் கட்சி.

2020 ஜனவரியில், அதே பதினைந்து கேள்விப் போட்டியான 'கோடீஸ்வரி'யில், காது கேளாத, வாய் பேசாத மதுரைப் பெண்ணொருவர் பதினைந்தையும் சரியாகச் சொல்லி ஒரு கோடி வென்றார். அன்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுதான் நியாயம் என்றார். இந்தியாவில் பரிசுப் பணத்துக்கு 30 வீத வரி என்று மச்சான் சொன்னதும் கண்ணீர் நின்றுவிட்டது. "கவர்மென்ட் எத்தினையாம் கேள்விக்கு விடை சொன்னது?"

எங்கள் பக்கத்துச் சித்திரை விளையாட்டுகள் மட்டும் நியாயமா? வழுக்குமரத்தைப் பாருங்கள். முதலில் ஏறுகிறவர்கள் தங்கள் சாரத்தாலும் நெஞ்சாலும் கிறீசைத் துடைத்துவிட்டு விழுவார்கள். துடைத்த மரத்தில் கடைசியாக ஏறுகிறவன் கொடியை எடுத்துக் காசுடன் போவான். இந்த இரகசியம் தெரிந்துபோனதால் ஒரு வருடம் எல்லாப் பொடியன்களும் கடைசியாக ஏறப் பெயர் கொடுத்துவிட்டு நிழலில் நின்றார்கள்.

நியாயத்தை நிலைநாட்ட விளையாட்டுக் கழகம் ஒரு முடிவு எடுத்தது: விழுகிற ஒவ்வொருவருக்கும் ஆறுதல் பரிசு, ஒரு சவர்க்காரம். பொடியன்கள் ஓடிவந்தார்கள். முழங்கால் உயரம் ஏறினார்கள், விழுந்தார்கள், சவர்க்காரத்தை வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். பெட்டி காலியானதும் வரிசையும் காலி. கடைசியில் கழகத் தலைவர் பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிவந்து தானே கொடியை இறக்கினார். கொடிக்குரிய காசு ஏணிக்காரருக்குத்தான் சேரவேண்டும் என்று அம்மா இன்றைக்கும் வாதாடுகிறார்.