வசனக்காரர்

வசனக்காரருக்கு வணக்கம் சொல்லும் வழக்கம் இல்லை, தொண்டையைச் செருமி, இடக்கையை இடுப்பில் ஊன்றி, ஒரு போர்ப்படத்து வசனத்தில் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டு, "எந்தப் படம்? சொல்லுங்க பார்ப்போம்" என்பதே அவர் பேச்சைத் தொடங்கும் முறை. இலங்கையின் யட்டியாந்தோட்டை முதல் கித்துல்கல வரையுள்ள தோட்டங்களில், பெரட்டுக்களம் எனப்படும் காலைநேர வேலை பிரிக்கும் இடத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும், இழவு வீட்டு வாசலிலும் இவ்வினத்தார் தவறாமல் காணப்படுவர்.

அவருடைய கையிருப்பு மொத்தமே இரண்டு படங்கள்தான். முதலாவது, பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சக்தி கிருஷ்ணசாமி வசனம் தீட்டி 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அதன் வசனங்கள் இசைத்தட்டாகி, திருவிழா ஒலிபெருக்கிகளில் முழங்கியமையால், படத்தைப் பாராதவர்க்கும் அவை மனப்பாடம். ஆகவே விடை எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் எவரும் தப்புவதில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது. படத்தின் பெயரைச் சரியாகச் சொல்பவர் அவருடைய நடிப்பைக் குறுக்கிவிட்ட குற்றவாளியாவார், உடனே "படம் சரி, எந்தக் கட்டம்?" என்றும், கட்டத்தையும் சொல்லிவிட்டால் "பக்கத்துல நின்னது யாரு?" என்றும் விசாரணை நீளும். தவறாகச் சொல்பவருக்கோ, ஜாக்சன் துரையின் தர்பார் முதல் கயத்தாற்றுப் புளியமரம் வரை முழுதும் நடித்துக் காட்டப்படும். வாய் திறவாதிருந்தால், "மறந்துட்டீங்களா?" என்ற இரக்கத்தோடு அதே நாடகம் அரங்கேறும். பால் வெட்டி, அதாவது இறப்பர் மரத்தைக் கீறிப் பால் சேர்த்து, வாளியோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பால் கட்டிவிடுமே என்ற கவலை. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் தலை தெரிந்த மறுகணம் கட்டபொம்மன் குரல் தானாகவே தணிந்துவிடுவது ஒன்றே அவளுக்கு விடுதலை.

இரண்டாவது படம், டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்ற 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. கதை சயாமில் நிகழ்ந்தாலும், பாலம் கட்டித் தகர்க்கப்பட்டது கித்துல்கலவில், களனி கங்கையின் மீது. தம் தந்தை அதற்கு மரம் சுமந்தார் என்பது வசனக்காரர் கூற்று. அவ்வட்டாரத்தில் இக்கூற்றைச் சொல்லாத குடும்பம் அரிது, அத்தனை பேரும் சுமந்திருந்தால் யானைகளுக்கு வேலையே இருந்திராது. படத்தின் முடிவில் இராணுவ மருத்துவர் இருமுறை சொல்லும் 'மேட்னஸ்' என்ற சொல்லை, அதாவது பைத்தியக்காரத்தனம் என்பதை, அவர் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் நின்று கூவுகையில், அடுத்த காம்பராவில், அதாவது அறையில், இருப்போர் அதை அவருடைய தன்னிலை விளக்கமாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

எனினும் அப்படத்தின் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்ததும், படத்தின் பாலத்துக்குக் காரணமானதுமான இரயில் பாதையில், போர்க்கைதிகளைக் காட்டிலும் மிகுதியாக மடிந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். கித்துல்கலவில் படம் எடுத்தபோது சுற்றிலும் இருந்தவை தமிழர் வாழும் தோட்டங்களே. ஆயினும் பிரித்தானியக் கர்னலின் கௌரவத்துக்கு அத்தனை வசனம் எழுதிய படம், மாண்ட தோட்டத் தமிழனுக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

"அங்க செத்த நம்ம பால்வெட்டுக்காரன் என்ன பேசுறான், எந்தக் கட்டம்?" என்று எவரேனும் திருப்பிக் கேட்டால், வசனக்காரர் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, நெடுநேரம் படத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார். மறுநாள் பெரட்டில் கட்டபொம்மன் மட்டுமே ஒலிக்கிறார். அன்று சிலர், கட்டத்தின் பெயர் தெரிந்திருந்தும், வேண்டுமென்றே தவறாகச் சொல்கின்றனர்.