மோட்டாருக்கு ஒரு போன்

ஏங்கண்ணு, கட்டில்ல படுத்துட்டே போனை அமுக்கித் தோட்டத்து மோட்டாரைப் போட்டுட்டியாமா? நெம்பச் சந்தோசம். எந்திரிச்சு கிந்திரிச்சுப் போடாதே சாமி, இடுப்புப் புடிச்சுக்கும்.

எங்கய்யன் மாட்டைக் கட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுன மனுசன். சோடி மாடு சரிவுல எறங்கையில வடக்கயித்து மேல குந்திக்குவாரு. தோல்சால் மேல வந்து வாய்க்கால்ல தண்ணியக் கொட்டும். அப்பறம் மாட்டைப் பின்னாலயே நடத்தி மேடேத்தோணும். கோழி கூப்படறதுக்கு முந்திப் பூட்டினா வெயிலேர்ற வரைக்கும் இதே சோலிதான். காக்காணி நனையறதுக்குள்ள அவரு நனைஞ்சிருவாரு.

நாந்தான் மாட்டை வித்துப்போட்டு ஆயில் இஞ்சின் வாங்கியாந்தேன். அய்யன் அதைச் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு, "ஏண்டா, இது சாணி போடுமா?"ன்னாரு. "பொகை போடுமுங்கய்யா"ன்னேன். அப்ப எனக்கும் உன்னையாட்டந்தான் வாய். கைப்பிடியச் சுத்தி அதை உசுப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு போகும். மாடு முரண்டுனா ஒரு தட்டுத் தட்டலாம். இதை எங்க தட்டறது?

உங்கொப்பன் தலையெடுத்தப்ப கரண்டு மோட்டார். 1984ல சிறு விவசாயிக்குக் கரண்டு இலவசம்னாங்க, 1990ல எல்லா விவசாயிக்கும்னாங்க. சும்மா வர்றதை வுடுவமா? சால்ல எறைச்ச காலத்துல மாடு களைச்சு நின்னுக்கும், ராத்திரியில கெணறு ஊறிக்கும். மோட்டாருக்குக் களைப்பேது? நாப்பதடியில இருந்த தண்ணி பயந்து கீழ போச்சு. உங்கொப்பன் போர் போட்டுத் தொரத்துனான். இன்னுங் கீழ போச்சு. இப்ப ஆயிரம் அடியில ஒளிஞ்சுட்டு இருக்குது. உன்ற போன் அங்க வரைக்கும் எடுக்குதா?

ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள சிம்மாம். ரீசார்ஜ் பண்ணலீன்னா பயிரு காயுமாம். நாங்க மானத்தை மட்டும் பாத்துட்டிருந்தோம், நீ மானத்தையும் பாக்கோணும், டவரையும் பாக்கோணும். பாவம், உனக்குத்தான் வேலை சாஸ்தி.

நேத்து ராத்திரி கோயமுத்தூர் சினிமாக் கொட்டாயில இருந்து மோட்டாரைப் போட்டியல்லோ? எலி வளையில வாய்க்கா ஒடைஞ்சு, தண்ணி பூராப் பக்கத்துத் தோட்டத்துத் தென்னைக்குப் பாஞ்சிருக்குது. போன்ல அதைக் காட்டுலியா? வெடியால அந்தத் தோட்டத்துக்காரரு பத்துத் தேங்காயைத் திண்ணையில வெச்சுட்டு, "தம்பிய வாரம் ஒருக்காச் சினிமாவுக்கு அனுப்புங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போறாரு.