கொண்டாப்பூர் தற்காப்புப் பிரதாபம்

சிலம்பம் பழக ஒரு மாமாங்கம், வர்மம் அறிய ஓர் ஆயுள் என்று ஆசானின் வாசலில் காத்துக் கிடந்த நம் முன்னோர் பாவம், கொண்டாப்பூரைக் காணக் கொடுத்துவைக்காதவர்கள். ஹைதராபாத்தில் கச்சிபௌலிக்கும் ஹைடெக் சிட்டிக்கும் அண்டை வீடான இத்திருத்தலத்தில், எங்கள் அடுக்ககத்தின் கிளப் ஹவுஸில், மகளிர் தினத்தை ஒட்டிய சனிக்கிழமை மாலை ஆறு முதல் எட்டு மணி வரை ‘நிஜ வாழ்க்கைத் தற்காப்பு’ முழுவதும் அருளப்பட்டது. தலைக்கு 1,499 ரூபாய். சான்றிதழும் அதிலேயே அடக்கம். அருளிய பயிற்சிக்கூடத்தின் திருநாமத்தை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கூட்டம் தாங்காது.

முதலில் அந்த மெத்தையை வணங்க வேண்டும். நீலமும் சிவப்புமாக, பல்வரிசைபோல் கோத்துவைத்த பஞ்சு மெத்தை. செருப்பைக் கழற்றி, துப்பட்டாவை மடித்து, கைப்பையையும் கைபேசியையும் ஓரமாக அடுக்கிவைத்த பிறகே போர் தொடங்கியது. ஆபத்து வரும் வேளையில் பெண்ணின் தோளில் பை தொங்காது, காலில் செருப்பு வழுக்காது, தரையில் ஜல்லி இருக்காது என்பதை முன்கூட்டியே கண்டறிந்த மாஸ்டரின் தீர்க்கதரிசனத்தை எந்த நாவால் புகழ்வது!

அடுத்தபடியாகப் போற்றத்தக்கவர், தாக்க வந்த உதவியாளர். அவரைப் போன்ற பண்பாளரை நான் கண்டதில்லை. நேர் எதிரே வந்தார். வலது மணிக்கட்டை வலது கையால் பிடித்தார். பிடித்தபடி நின்றார். இடக்கையை ஒரு கோயில் சிற்பத்தின் அடக்கத்தோடு தொங்கவிட்டிருந்தார். கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பிக் கையை உருவ வேண்டும் என்பது பாடம். என் மகளுக்கு இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை அவரே பிடியைத் தளர்த்தி, “இப்ப இழும்மா” என்றார். இழுத்தாள், வந்துவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். இத்தகைய தாளலயம் அறிந்த கயவர்கள் மட்டுமே உலவும் ஊரில் வாழ நாம் என்ன தவம் செய்தோமோ!

ஓடுவது எப்படி என்று கற்பிக்கவில்லை, வீராங்கனை ஓடுவாளா? கத்துவது எப்படி என்று தொடங்கியபோது, மேல்மாடியில் ஆபீஸ் கால் நடப்பதாகக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மாஸ்டர் உடனே, “மனசுக்குள்ள கத்துங்க” என்று பணித்தார். இருபத்தைந்து பெண்கள் மனசுக்குள் கத்திய அந்தக் காட்சியின் கம்பீரம் கண்கொள்ளாதது.

நம்மவர் நுட்பம் அறியாமல் வீணாகப் பாடுபடுகிறவர்கள் கனடாக்காரர்கள். அங்கே சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியர், மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகளுக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி கொடுத்தார். அதில் அடியும் உதையும் சிறு பங்குதான். மிச்ச நேரமெல்லாம் நெருங்கிப் பழகுகிறவனிடம் ஆபத்தின் முதல் அறிகுறியை மோப்பம் பிடிப்பது, ‘தப்பா நினைப்பானோ’ என்ற தயக்கத்தை உடைப்பது, தன் விருப்பம் எது என்று தனக்கே தெளிவாவது. 2015இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள், பயிற்சி பெறாதோரில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில். பயிற்சி பெற்றவர்களில் ஐந்து பேர் அளவில். பாதியாகக் குறைத்ததற்கு இத்தனை அலட்டல்! அவர்களுக்கு ஒரு ரப்பர் கத்தி வாங்கக்கூட வக்கில்லை. எங்களிடம் மூன்று இருந்தன.

பயிற்சியின் உச்சம் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்தது. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இங்கே மென்பொருள் கம்பெனியில் வேலை, பக்கத்துத் தெரு லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். கையை உயர்த்தி மெல்லக் கேட்டாள்: “மாஸ்டர், கையப் பிடிக்கிறவர் தெரிஞ்சவரா இருந்தா?”

மாஸ்டர் சற்றும் தடுமாறவில்லை. “அது சிலபஸ்ல இல்லம்மா.”

அந்தப் பெண் கையை இறக்கிக்கொண்டாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் என்ன சொல்கிறது? வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், முதலாளி. அந்த ஒன்பதை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றுக்காக இரண்டு மணி நேரத்தையும் அர்ப்பணித்த தியாகம் மாஸ்டருடையது. சட்டத்தின் வறட்சியாலும் அவர் யாரையும் வாட்டவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருவதும், வல்லுறவுக்கோ அமில வீச்சுக்கோ எதிராகப் போராடுகையில் தாக்கியவன் உயிர் போனாலும் குற்றமாகாது என்று 38ஆம் பிரிவு சொல்வதும் இருபத்தைந்து பேரில் ஒருத்திக்கும் தெரியாமல் பத்திரமாகக் காக்கப்பட்டது.

இப்பெருந்தன்மை எங்கள் மாநகருக்குப் பரம்பரைச் சொத்து. 2019 நவம்பர் 27. ஷம்ஷாபாத் பக்கம் தொண்டுபள்ளி சுங்கச்சாவடி அருகே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இதோ இந்தக் கச்சிபௌலிக்கு மருத்துவரைப் பார்க்க வந்துபோனார் ஓர் இளம் கால்நடை மருத்துவர். இரவில் திரும்பியபோது டயரில் காற்றில்லை. பயமாக இருக்கிறது என்று தங்கையிடம் போனில் சொன்னார். விடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை. தேடிப்போன குடும்பத்தாரை ‘எங்கள் எல்லை இல்லை’ என்று ஒரு காவல் நிலையம் இன்னொன்றுக்கு அனுப்பிவைத்ததாம். எல்லைக்கோட்டின்மீது அத்தனை பக்தி. அந்தப் பக்தர்களில் மூவரைப் பிறகு பணியிடைநீக்கம் செய்தார்கள். மாநிலத்தின் அன்றைய உள்துறை அமைச்சரோ, படித்த பெண் தங்கையை அழைத்த நேரத்தில் 100ஐ அழைத்திருக்கலாமே என்று வருந்தினார். நகரக் காவல்துறை, பெண்கள் எப்படிப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அறிவுரைப் பட்டியல் வெளியிட்டது. காப்பாற்றும் பொறுப்பைக் காப்பாற்றப்பட வேண்டியவளிடமே ஒப்படைக்கும் அந்த மகத்தான நம்பிக்கையின் கடைக்குட்டிதான் எங்கள் கிளப் ஹவுஸ் வகுப்பு.

எட்டு மணிக்குச் சான்றிதழ் வழங்கும் படலம். ஒவ்வொருவரும் முஷ்டியை மடக்கி மாஸ்டரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அமைப்பாளர் அம்மையார் மைக்கைப் பிடித்து, தாய்மை ததும்பச் சொன்னார்: “நல்லா இருட்டிடுச்சு. யாரும் தனியாப் போக வேண்டாம். அப்பாவோ அண்ணனோ வர்ற வரைக்கும் உள்ளேயே உக்காருங்க.”

வீராங்கனைகள் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்த ஊரில் அப்பாவும் அண்ணனும் இல்லாத மதுரைப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளையும் என் மகளோடு காரில் ஏற்றி, வழியில் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போய், ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே போகும் முன் திரும்பி, “அங்கிள், அந்த 38ஆம் பிரிவு பத்திச் சொன்னீங்களே, எங்க படிக்கலாம்?” என்று கேட்டாள்.